மாயர்கள் மறைந்துவிடவில்லை

மாயர் என்றவுடன் காடு மூடிய படிக்கட்டுக் கோபுரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரங்களோடு அம்மக்களும் அழிந்தனர் என்றே நானும் எண்ணியிருந்தேன். அது பெரும் பிழை. குவாத்தமாலாவிலும் தென் மெக்சிகோவிலும் இலட்சக்கணக்கான மாயர்கள் இன்றும் வாழ்கின்றனர். குவாத்தமாலாவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் வழங்குகின்றன. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவை இரண்டு திரைப்படங்கள்.

முதலாவது, ஹைரோ புஸ்தமான்தே இயக்கி 2015-இல் வெளிவந்த 'இஷ்கானுல்'. கக்சிக்கேல் என்னும் மாயா மொழியில் இச்சொல்லுக்கு எரிமலை என்று பொருள். மலையடிவாரக் காப்பித் தோட்டத்தில் வாழும் மரியா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் கதை இது. தாயும் மகளும் எரிமலையில் ஏறி வேண்டுதல் செய்கின்றனர். மாயர்களுக்கு மலையும் மண்ணும் உயிருள்ளவை. மக்காச்சோளமோ அதனினும் மேலானது. தெய்வங்கள் முதலில் மண்ணாலும், பின்னர் மரத்தாலும் மனிதரைச் செய்து, அவை சரிப்படாமல், இறுதியில் சோளமாவால் படைத்தனர் என்று அவர்களுடைய 'போபோல் வூ' என்னும் நூல் கூறுகிறது. நம் ஆதியாகமத்தின் களிமண் மனிதனை எண்ணிக்கொண்டேன்!

கருவுற்ற மரியாவைப் பாம்பு தீண்டுகிறது. நகர மருத்துவமனையில் பேச்செல்லாம் ஸ்பானிய மொழி. அவளுக்கோ பெற்றோருக்கோ ஒரு சொல்லும் விளங்காது. உடன் வந்த தோட்டத்துக் கங்காணிதான் மொழிபெயர்க்கிறான். தனக்கு ஏற்றதை மட்டுமே சொல்கிறான். குழந்தை இறந்துவிட்டது என்று ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தனுப்புகின்றனர். மரியா அதைத் திறந்து பார்க்கிறாள். உள்ளே துணி சுற்றிய செங்கல்! காவல் நிலையத்தில் முறையிடச் சென்றால் அங்கும் அதே கங்காணிதான் வாய். அக்காட்சியில் எனக்குக் கோபம்தான் வந்தது. தன் சொந்த நாட்டிலேயே ஒரு தாய் ஊமையாக்கப்படுகிறாளே!

இரண்டாவது, 'மலைகள் நடுங்கும்போது' என்னும் 1983-ஆம் ஆண்டு ஆவணப்படம். பமேலா யேட்ஸும் நியூட்டன் தாமஸ் சீகலும் எடுத்தது. இதில் கதை சொல்பவர், பின்னர் 1992-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற கிச்சே மாயப் பெண்மணி ரிகோபெர்தா மென்சு. குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை நீடித்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயர் என்றும் ஐ.நா. ஆதரவில் அமைந்த உண்மை ஆணையம் 1999-இல் கூறியது.

நம் திருச்சபை இதில் எங்கே நின்றது? இரு பக்கமும் உண்டு. 1562-இல் மானி என்னும் ஊரில் மாயர்களின் ஏடுகளைத் தீயிலிட்டவர் தியேகோ தெ லாந்தா என்ற துறவி. அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆயர் ஹுவான் ஹெரார்தியோ, போர்க் கொடுமைகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்ட இரண்டே நாளில், 1998 ஏப்ரல் 26 அன்று கொல்லப்பட்டார்.

யேட்ஸ் 1982-இல் அந்நாட்டு ஆட்சித்தலைவர் ரியோஸ் மோன்ட்டைப் பேட்டி கண்டிருந்தார். படைகள் தம் கட்டுப்பாட்டில் உள்ளதாக அவர் பெருமையுடன் கூறிய பகுதி, படத்தில் சேராமல் பெட்டியில் கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதுவே நீதிமன்றத்தில் சான்றாயிற்று. இக்சில் மாயப் பெண்கள் நெய்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு, தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் மொழியிலேயே சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல, நீதிபதிகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். மரியாவுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது.

2013 மே 10 அன்று எண்பதாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. பத்தே நாளில் மேல் நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மறு விசாரணை முடியுமுன் 2018-இல் ரியோஸ் மோன்ட் இறந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், நடந்தது இனப்படுகொலையே என்று நீதிமன்றம் மீண்டும் கூறியது. ஆயினும் எவரையும் தண்டிக்கவில்லை. அன்றும் இக்சில் மக்கள் நீதிமன்றத்தில் அமர்ந்து அதைக் கேட்டார்கள்.