புயலுக்கு நம் ஊர் எந்தப் பக்கம்?

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று நிலைகொண்டு, கார்த்திகை முழுவதும் வானம் மப்பும் மழையுமாகக் கிடக்கிற நாட்களில், சோழமண்டலக் கரையில் வாழும் ஜனங்கள் வானிலைச் செய்தியைக் கேட்கும் ஆவலுக்கு ஈடு சொல்ல இயலாது, ஆனால் அத்தனை ஆவலோடு கேட்கிறவர்களும், வங்கக் கடலில் தாழ்வுமண்டலம் உருவாகியிருக்கிறது என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், "எங்கே கரையைக் கடக்கும்?" என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலையிலும், வரும் அறிக்கைகளைக் கரையோரக் குப்பங்களுக்கு வாசித்துச் சொல்லும் வேலையிலும் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வி போதாது என்று உறுதியாகச் சொல்லுகிறேன். புயல் கடக்கும் இடத்துக்கு நம் ஊர் வடக்கே இருக்கிறதா, தெற்கே இருக்கிறதா, காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பும், முகத்துவாரம் எந்த நேரத்தோடு அடைபட்டுப்போகும் என்ற மூன்றையும் கேட்டு அறிந்தவனுக்கே அறிக்கையால் முழுப் பிரயோஜனம் உண்டு.

வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாகத் தோன்றும் பருவங்கள் இரண்டு; ஒன்று சித்திரை வைகாசியை ஒட்டியது, மற்றது நமக்குரிய ஐப்பசி கார்த்திகை. கோடையின் வெப்பத்தைக் கடல்நீர் இன்னும் வெளிவிடாமல் வைத்திருக்கிற சமயத்தில், மழைக்குரிய தாழ்வழுத்தப் பட்டை தெற்கே இறங்கி வந்து வங்கக் கடலின் தென்பகுதிமேல் நிற்பதால், அந்தமானுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பில் சுழல் பிறந்து மேற்கு நோக்கி நகர்ந்து நம் கரையை நாடுகிறது. 1952 நவம்பர் முடிவில் நாகப்பட்டினத்தைத் தாக்கியதும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடும் ஜனங்களோடும் கொண்டுபோனதும், 1977 நவம்பரில் மறுபடியும் நாகையின்மேல் வந்து விழுந்ததும், 2018 நவம்பரில் கஜா என்ற பெயரோடு வந்து தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்ததும் எல்லாம் இந்தப் பருவத்துப் பிள்ளைகளே.

கூண்டைப் பற்றி ஜனங்களிடம் வேரூன்றியிருக்கிற ஓர் அபிப்பிராயத்தை முதலில் மாற்ற வேண்டும். எண் ஏற ஏற அபாயம் ஏறுகிறது என்றுதான் பெரும்பாலோர் கொள்ளுகிறார்கள். அது பாதி உண்மையே. பகலில் கூம்பும் உருளையுமான உருவங்களாலும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாலும் காட்டப்படும் இந்தச் சங்கேதங்களில், 1, 2 என்ற எண்கள் தூரக் கடலில் புயல் உருவாகிறது அல்லது உருவாகிவிட்டது என்பதைக் காட்டுவன. ஊரில் இருப்பவனைவிடத் துறைமுகத்தை விட்டுப் புறப்படுகிறவனை நோக்கியே அவை பேசுகின்றன. ஆகையால் "ஒண்ணாம் நம்பர்தானே, சார்" என்று சொல்லிக்கொண்டு படகை இறக்குகிறவன், தனக்கென்றே ஏற்றப்பட்ட எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறான். 3, 4 என்பன துறைமுகத்துக்கே மோசமான காற்றும் கடலும் வரக்கூடும் என்பதை உணர்த்துவன. அதன் பின்னர் வரும் ஆறு எண்கள் மூன்று மூன்றாக இரு வரிசைகள்: 5, 6, 7 என்பவை புயலுக்கும், 8, 9, 10 என்பவை கடும் புயலுக்கும் உரியவை. ஒரு வரிசைக்குள் இருக்கும் மூன்று எண்களுக்கும் இடையில் உள்ள வேற்றுமை வலிமையைப் பற்றியதே அன்று, பக்கத்தைப் பற்றியது. துறைமுகம் புயற்பாதையின் இடப்பக்கம் இருக்குமானால் 5 அல்லது 8. வலப்பக்கம் இருக்குமானால் 6 அல்லது 9. புயல் துறைமுகத்தின்மேலோ அதன் அருகிலோ கடக்குமானால் 7 அல்லது 10. 11 என்பது வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்பதற்கு அடையாளம். எட்டு ஏறியிருக்கிறது, ஒன்பது இல்லை என்று ஆறுதல் கொள்ளுகிற நண்பர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இதை ஒவ்வொரு பருவத்திலும் பொறுமையாக எடுத்துச் சொல்லியும் வந்திருக்கிறேன்.

பக்கம் ஏன் இத்தனை முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூமியின் வடபாதியில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலுகிறது. புயல் மேற்கு நோக்கி வருகிறது என்று வைத்துக்கொண்டு, கரையில் நிற்கிறவன் தன்னை எண்ணிப் பார்க்கட்டும். மையம் அவனுக்குத் தெற்கே கடக்குமானால், காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்கே திரும்பி, தென்கிழக்கில் போய் முடியும். அதாவது முழு நேரமும் கடலைக் கரைமேல் தள்ளும் காற்று. நீர் எழுந்து ஊருக்குள் வருவது இந்தப் பக்கத்தில்தான். மையம் அவனுக்கு வடக்கே கடக்குமானால், காற்று வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றாதலால் கரையில் நீர் உயருவதற்குப் பதிலாகச் சில சமயம் உள்வாங்கவும் செய்யும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது கப்பலோட்டிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் விதி. மின்சாரமும் தொலைபேசியும் போன ராத்திரியில்கூட, வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்து, வாடை கொண்டலாகத் திரும்புகிறதா, அல்லது கச்சானாகத் திரும்புகிறதா என்று கண்டுகொண்டால், நம் ஊர் எந்தப் பக்கம் என்பது தானே விளங்கிவிடும். காற்று திசை மாறாமலே நாழிக்கு நாழி பலத்துக்கொண்டு போகுமானால், புயல் நேரே நம்மை நோக்கி வருகிறது என்று கொள்ள வேண்டும்.

இந்த விதியையும் கரையின் முகத்தைப் பார்த்துத்தான் பிரயோகிக்க வேண்டும். நாகையிலிருந்து கோடியக்கரை வரையில் கரை கிழக்கு முகமாக இருக்கிறது. கோடியக்கரையில் அது சட்டென்று மேற்கே மடங்கி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தெற்கு முகமாகப் பாக் நீரிணையை நோக்கிவிடுகிறது. ஆகவே, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கடக்கிற புயல், கிழக்குக் கரையில் தெற்கே உள்ளவனுக்கு நிலக்காற்றைத் தரும்போதே, தெற்கு முகக் கரையில் உள்ளவனுக்குக் கடைசிக் கட்டத்தில் சோழகத்தைத் தந்து, பாக் நீரிணையின் ஆழமற்ற நீரைச் சேற்றோடு அவன் வாசலுக்குக் கொண்டுவரக்கூடும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கடந்தது அந்த இடைவெளியிலேதான். முதல் காற்று கடலை உள்ளே இழுத்துக்கொண்டு போவதைக் கண்டு, ஆபத்து நீங்கிற்று என்று கரைக்குப் படகு பார்க்கப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதே அந்தப் பகுதியில் செய்ய வேண்டிய முதல் தொண்டு. மையமே ஊரின்மேல் வருமானால் நடுவில் காற்று ஓய்ந்து நட்சத்திரங்கூடத் தெரியலாம். அந்த ஓய்வுக்குப் பின் எதிர்த்திசையிலிருந்து அதே வலிமையோடு காற்று மறுபடி வரும் என்பதைக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றின் அழுத்தத்தைத் தானே கோடாக வரைந்துகொள்ளும் பாரமானி ஒன்று இருந்தது. சாவி கொடுத்த உருளையில் ஒரு வாரத்துக்கான கட்டம் போட்ட தாளைச் சுற்றி, மையூற்றிய மெல்லிய முள்ளை அதன்மேல் படிய வைத்துவிட்டால், உருளை சுழலச் சுழல முள் வயலட் நிறத்தில் கோடிட்டுக்கொண்டே போகும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் காற்றின் அழுத்தம் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உயர்ந்து, மாலை நான்குக்கும் பின்னிரவு நான்குக்கும் தாழும். ஆதலால் நல்ல நாட்களில் அந்தத் தாளில் நாளொன்றுக்கு இரண்டு மேடும் இரண்டு பள்ளமுமாக ஒழுங்கான அலை ஒன்று தென்படும். புயல் நெருங்கும்போது முதலில் மேடுகள் தேயும். பத்து மணிக்கு ஏற வேண்டிய முள் ஏறாமல் நிற்கும். பின்னர்க் கோடு ஒரே சரிவாக இறங்கத் தொடங்கும். அந்த நேரத்துக்குரிய சாதாரண அளவைவிட மூன்று மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படு, ஐந்து குறைந்தால் புயல் அருகில் இருக்கிறது என்று கொள் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. இன்று பலருடைய கைபேசியிலேயே அழுத்தம் காட்டும் கருவி இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் மாலை நான்கு மணிக்கு இயல்பாக ஏற்படும் தாழ்வைக் கண்டு கலங்காமலும், காலை பத்து மணிக்கு ஏறாமல் நிற்பதைக் கண்டு அசிரத்தையாக இராமலும் இருக்கப் பழக வேண்டும்.

அறிக்கையின் சொற்களையும் அளந்து கேட்பது அவசியம். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிக்கப்படும்போது, அந்த இடையிடையே என்ற சொல்லை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. காற்றின் தாக்கும் வலிமை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவதால், 65 என்பது 45-ஐப் போல் இரு மடங்கு அடிக்கும். படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இடையிடையே வருவதுதான். அலையும் அப்படியே. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் வெளியிடும் அலையின் உயரம், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இரண்டரை மீட்டர் என்று சொல்லப்பட்டால், அவற்றினிடையே ஏறத்தாழ ஐந்து மீட்டர் அலை ஒன்று எழுவதும் இயற்கையே. மேலும், புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே, அதிலிருந்து புறப்பட்ட நெடும் ஓதம் காற்றை முந்திக்கொண்டு கரைக்கு வந்துவிடுகிறது. வானம் தெளிவாக இருக்கும். காற்று மந்தமாக இருக்கும். ஆனால் நாகையில் உள்ள கடுவையாற்று முகத்துவாரத்தின் மணல்திட்டின்மேல், நீண்ட இடைவெளி விட்டு விட்டு, ஒரு கரையிலிருந்து மறுகரை வரையில் வெள்ளையாக அலை உடையும். நடுக்கடலில் படகைத் தூக்கி இறக்குவதோடு போகிற அதே ஓதம், ஆழம் குறைந்த அவ்விடத்தில் நிமிர்ந்து மடங்குகிறது; திரும்பி வரும் படகுகள் ஊரைக் கண்ணால் கண்டபின் கவிழ்வது அங்கேதான். ஆகையால் கரை திரும்ப வேண்டிய நேரத்தைப் புயல் கடக்கும் நேரத்திலிருந்து கணக்கிடுவது தவறு. முகத்துவாரத்தில் அலை உடையத் தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். அது ஒரு நாளுக்கும் முன்னதாகவே வந்துவிடலாம்.

படகுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபைபர் படகுகளை இயந்திரம் கழற்றி, மணல்மேட்டுக்கு அப்பால் ஏற்றிவிடுவது நல்லது; தென்னையடியில் கட்டுவதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் கஜாவில் விழாத தென்னை என்று ஒன்றை அந்தப் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. விசைப்படகுகளை ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய், இடைவெளி விட்டு, பழைய டயர்களைத் தொங்கவிட்டு, நீர் உயர்ந்தாலும் இழுபடாத அளவுக்குக் கயிற்றில் தளர்ச்சி வைத்துக் கட்ட வேண்டும். படகுக்குக் காவலாக ஆள் படுப்பது மட்டும் எக்காரணம் பற்றியும் கூடாது.

இந்திய வானிலைத் துறை, கரையோரத்தில் புயலின் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னதாக மஞ்சள் நிற முன்னெச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்னதாக ஆரஞ்சு நிற எச்சரிக்கையும் கொடுக்க முயலுகிறது. எல்லாப் புயலும் அந்தக் கால அட்டவணைக்கு அடங்குவதில்லை. 2024 நவம்பரில் வந்த பெஞ்சல், வருகிறது வருகிறது என்று பல நாள் தாமதித்து, புதுச்சேரியின் அருகில் கடந்தபின்னும் நகராமல் நின்று, மயிலம் பக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிற்று. தாமதத்தைக் கண்டு அறிக்கையின்மேல் நம்பிக்கை இழந்தவர்கள் அதனால் கஷ்டப்பட்டார்கள். 2017-இல் ஒக்கி இதற்கு நேர்மாறானது. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வுமண்டலமாகக் காணப்பட்டது, மறுநாள் காலைக்குள் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யப் போயிருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்குச் செய்தி எட்டும் வழியே இருக்கவில்லை. எத்தனை பேர் போயிருக்கிறார்கள், எந்தத் திசையில் இருக்கிறார்கள் என்பதற்குக் கரையில் சரியான கணக்கும் இருக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் கடற்கரையில் நின்று பட்ட துயரத்தை நினைக்கும்போது, இவ்வளவு எழுதியும் மிக முக்கியமானதைச் சொல்லாமல் விடலாகாது என்று தோன்றுகிறது.

கடலுக்குப் போகும் சகோதரர்களே, ஐப்பசி முதல் மார்கழி வரையில் ஒவ்வொரு முறை புறப்படும்போதும், படகில் உள்ளவர்களின் பெயர்கள், போகும் திசை, எத்தனை பாக ஆழமுள்ள தொலைவு, எத்தனை நாளுக்கு டீசலும் தண்ணீரும் இருக்கிறது, திரும்பும் நாள் எது என்பவற்றை ஊர்ப் பஞ்சாயத்தாரிடமோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருக்கிறவர்கள், சொன்ன நாள் கடந்தால் அடுத்த படகு வரட்டும் என்று காத்திராமல், அந்தச் சீட்டோடு கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணுக்கும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.