கைபடாமல் இயங்கும் கடிகாரமும் அதன் பிழைகளும்

கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றங்கரையில் அமைந்தது ஏலூர். 1943-இல் நிறுவப்பெற்ற ஃபாக்ட் நிறுவனம் 1947-இல் இங்கு உர உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய தொழிலிடங்களில் பணிபுரிவோர் தடித்த கையுறை அணிவர். ஒரு கையால் வால்வைத் திருப்புவர். மறு கையில் விளக்கைப் பிடிப்பர். குரலுக்கும் சைகைக்கும் பணியும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் இவர்களுக்கே மிகவும் பயன்படும் என்று தோன்றும். ஆனால், அது மிகுதியும் தவறுவதும் இத்தகைய இடங்களிலேயே. இதன் காரணத்தை ஆராய்வோம்.

சைகையை அறியும் முறை

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இருமுறை தட்டினால் ஆணையை ஏற்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2023 அக்டோபரில் தன் ஒன்பதாம் வரிசைக் கடிகாரத்தில் அளித்தது. கடிகாரம் விரல்களைக் காண்பதில்லை. மணிக்கட்டின் நுண்ணிய அசைவை முடுக்கமானியும் சுழற்சிமானியும் அளக்கின்றன. இரத்த ஓட்டத்தின் மாறுதலை ஒளி உணர்கருவி அளக்கிறது. இவற்றைக் கொண்டு தட்டு நிகழ்ந்ததென்று கருவி ஊகிக்கிறது. அதிரும் குழாயைப் பற்றிய கையில் அசைவுகள் பல கலந்துவிடுகின்றன. தடித்த கையுறையோ தட்டின் வேகத்தை மழுக்கிவிடுகிறது.

குரலை அறியும் முறை

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபல். 90 டெசிபல் ஓசையுள்ள இயந்திரக்கூடத்தில் அது 30 டெசிபல் குறைவு. அதாவது, ஓசையின் செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடிகாரத்தை வாயருகே 10 சென்டிமீட்டருக்குக் கொணர்ந்தால் பேச்சு 80 டெசிபல் ஆகும். அப்பொழுதும் இரைச்சலின் பத்தில் ஒரு பங்கே. அன்றியும், கையை வாய்வரை உயர்த்த வேண்டுமெனில் கைபடாத வசதி என்பதன் பொருள் யாது?

இருவகைப் பிழை

ஆணை தந்தும் கருவி அறியாதிருப்பது தவறவிடும் பிழை. ஆணை தராதபோதே அது செயற்படுவது பொய்ப் பிழை. விரல் தற்செயலாகப் பட்டதும் அழைப்பு ஏற்கப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. உணர்திறனைக் கூட்டினால் முதற்பிழை குறைந்து இரண்டாவது பெருகும். குறைத்தால் இதற்கு நேர்மாறு. அதே உணர்கருவிகளை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒருசேர நீக்க இயலாது. பயன்படுத்துவோர் எரிச்சலுறுவதன் மூலம் இதுவே. அது அவர்தம் கைத்திறனின் குறை அன்று.

வகுப்பறைப் பரிசோதனை

குரலை எழுத்தாக்கும் கைபேசி ஒன்று போதும். 10, 20, 40 சென்டிமீட்டர் தொலைவுகளில் ஒரே சொல்லைப் பத்துப் பத்து முறை கூறச் செய்க. முதலில் அமைதியிலும், பின்னர் மின்விசிறியின் இரைச்சலிலும் செய்க. தவறிய எண்ணிக்கையை அட்டவணையில் குறிக்க. தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் குரல் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதை மாணவர் இதனோடு ஒப்பிடுவாராக.

களப்பணியாளர் கவனத்திற்கு

நேரம் பார்த்தல், நினைவுக்குறிப்பு வைத்தல் போன்றவற்றில் ஒருமுறை தவறினால் தீங்கில்லை; அவற்றைக் குரலுக்கும் சைகைக்கும் விடலாம். வாயுக் கசிவை அறிவித்தல், இயந்திரத்தை நிறுத்துதல் போன்றவற்றிற்கு அவற்றை மட்டும் நம்புதல் ஆகாது. கையுறையோடு அழுத்தத்தக்க பொத்தான் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். எந்தக் கருவியையும் அமைதியான அறையில் அன்றி, பணியிடத்தின் இரைச்சலிலும் முழு உடையிலும் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.

வினாக்கள்

1. இருவகைப் பிழைகளுள் எது உம் பணியில் அதிகத் தீங்கு தரும்? ஏன்?
2. 80 டெசிபல் இரைச்சலில் 60 டெசிபல் பேச்சு, செறிவில் எத்தனை பங்கு?