பைக்குள் லேப்டாப் ஓடும்போது

கல்யாண வீடியோ வேலையில் முகூர்த்தம் முடிந்த கையோடு மண்டபத்தைக் காலி செய்தாக வேண்டும். மெமரி கார்டில் இருப்பதை எஸ்எஸ்டிக்கு ஏற்றும் வேலையோ பாதியில் நிற்கும். லேப்டாப்பை அணைக்காமல் முதுகுப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். காற்றுக்கு வழி விடுவதற்கு முன், உண்டாகும் சூட்டையே குறைக்க வேண்டும் என்பதுதான் இதில் நான் கற்ற முதல் பாடம். மூடிய பைக்குள் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுக்கும்.

பிராசசரை அடக்குங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினாலே பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ பூஸ்ட் நின்றுவிடும். நான் 50 வரை இறக்குவேன். காப்பி வேகத்தைப் பெரும்பாலும் கார்டும் ரீடருமே தீர்மானிப்பதால் நேரம் அதிகம் கூடாது. அந்த அமைப்பு இல்லாத மாடல்களில் பேட்டரி சேவர் போதும்.

காப்பி மட்டும் ஓடட்டும். பைக்குள் ரெண்டர் போடாதீர்கள். 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; சூடுதான் மிஞ்சும்.

செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஃபோம் உறை சூட்டை அடைத்து வைக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். பல லேப்டாப்கள் அடிப்பக்கம் காற்றை இழுத்து, கீல் பக்கம் வெளியே விடும். கீல் மேலே இருக்கட்டும், ஜிப் திறந்திருக்கட்டும். முதுகை ஒட்டிய அறை வேண்டாம்; அடிப்பக்கத்தைத் துணி எதுவும் அடைக்கக் கூடாது.

சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகும். லித்தியம் அயான் பேட்டரிகளுக்குப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தவே வேண்டாம்.

எஸ்எஸ்டியை வெளியே வையுங்கள். அதுவும் சூடானால் வேகம் குறையும். பக்கவாட்டு வலைப்பையில் வைத்து, கேபிள் அசையாமல் வெல்க்ரோவால் கட்டிவிடுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கை நடந்துகொண்டே பயன்படுத்தாதீர்கள்.

லேப்டாப்பை மூடினாலும் ஓட, லிட் அமைப்பில் ‘டூ நத்திங்’ வைத்திருப்போம். வேலை முடிந்ததும் அதை ‘ஸ்லீப்’புக்கு மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமலே பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

வீடு சேர்ந்ததும் ஃபைல்களைத் திறந்து சரிபார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். கார்டில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றால், பை தொடும்போதே சுடுகிற நேரத்தில் தயங்காமல் லேப்டாப்பை அணைத்துவிடலாம். காப்பியை மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.