பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு

பிள்ளை பெற்ற சில நாள்களில் தாய்க்குக் காரணமின்றி அழுகை வருவது இயல்பே. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதன் பின்னரும் நீடித்து, குழந்தையைத் தூக்கவும் மனமில்லாது போனால் அது நோய். சோம்பலன்று, காற்றுச் சேட்டையும் அன்று. மந்திரித்துக் கயிறு கட்டி மாதங்களைக் கடத்தினால் பிள்ளையும் வாடும். சிரித்துப் பேசும் முகத்தைக் காணாத மழலைக்குப் பேச்சு வரவும் தாமதமாகலாம்.

சுகாதார நிலையத் தாதியிடம் ஒளிக்காமல் கூறுங்கள். 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளின் 10 கேள்விகளால் நோயின் அறிகுறியைக் கண்டுகொள்ளலாம். பலருக்கு ஆலோசனையே போதும்; பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் எழுந்தால், அவளைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

கணவன்மாரே, விடியலில் மரம் வெட்டச் செல்பவர் நீங்கள் என்பது மெய்யே. ஆயினும் முன்னிரவில் பிள்ளையை ஏந்திக்கொண்டு, அவளைச் சில மணி நேரம் உறங்க விடுங்கள்.