மாறாத பாரமும் உடையும் அச்சும்

அன்புள்ள தம்பிக்கு,

பல காலம் அதிர்ந்த இரும்பு உள்ளே படிகமாகி நொறுங்கிவிடுகிறது என்று உமது மடலில் காணப்படும் கூற்று, வேலைத்தளங்களில் இன்றும் வழங்குவதாயினும், முழுப் பிழை. உருகிய உலோகம் உறையும்போதே படிகமாகிவிடுகிறது. உடைந்த முகத்தில், வெடிப்பு மெல்ல வளர்ந்த பகுதி வழவழப்பாகவும், இறுதியில் சடுதியாக முறிந்த பகுதி மணிமணியாக மின்னுவதாகவும் இருப்பதே இம்மயக்கத்தின் மூலம். 1842இல் வெர்சாய் அருகே புகையிரத எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்ட பின்னரும் இவ்விளக்கமே பரவியிருக்க, ரேங்கின் என்ற ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர், அச்சின் தடிப்பு மாறும் தோளில் தொடங்கும் வெடிப்பு சிறுகச் சிறுக உள்நோக்கி வளர்வதை எடுத்துக்காட்டினார்.

1954இல் வீழ்ந்த கொமெட் விமானங்களிலிருந்து, உலோகம் களைத்து முறியும் இப்பாடத்தைத் தொடங்கும் நூல்கள் பல. அது பொருத்தமற்ற தொடக்கம். பறப்புதோறும் விமானத்தின் உள்ளமுக்கம் ஏறி இறங்குவது எவருக்கும் விளங்கும். அச்சிலோ பாரம் மாறுவதேயில்லை. ஆயினும் அது சுழல்வதால், மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெருக்கப்படுகிறது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை 2015இல் முழுமையாக மீளத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை ஏறத்தாழ 106 கிலோமீற்றர். சக்கரத்தின் சுற்றளவை 3 மீற்றர் என்று கொண்டால், ஒரு பயணத்திலேயே 35,000 தடவைக்கு மேலும், நாள்தோறும் போய்வந்தால் ஓராண்டில் இரண்டரைக் கோடித் தடவைக்கு மேலும் இது நிகழும். பிரசியப் புகையிரதப் பொறியியலாளர் வோலர், பாரமேற்றிய அச்சுகளை ஆண்டுக்கணக்காகச் சுழற்றி, ஒருமுறை எளிதில் தாங்கப்படும் தகைப்பே (ஓரலகுப் பரப்பில் உண்டாகும் விசை) மாறிமாறி வரும்போது உடைக்கும் என்றும், உச்ச அளவைவிட ஏற்ற இறக்கத்தின் வீச்சே முதன்மையானது என்றும் நிறுவினார்.

1903இல் யூவிங், ஹம்ஃப்ரி என்ற ஆய்வாளர் இருவரும் மினுக்கிய இரும்பை மாறிமாறித் தகைப்புக்குள்ளாக்கி நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, படிகமணிகளுள் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் தோன்றும் கோடுகள் பெருகி வெடிப்பாவதைக் கண்டனர். வழுக்கிய படலம் பழைய இடத்துக்கு முற்றாக மீள்வதில்லை. மேற்பரப்பில் நுண்ணிய மேடும் பள்ளமும் எஞ்ச, பள்ளத்தின் அடியில் தகைப்பு குவிகிறது.

உலர்ந்த காற்றில் உருக்குக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. தகைப்பின் வீச்சு அதற்குக் கீழிருந்தால் எத்தனை கோடிச் சுற்றும் பொறுக்கும். இதை மனனம் செய்துவிட்டு மன்னார்க் கடற்கரையில் அப்படியே பிரயோகிப்பது கல்வியாகாது. உப்புக்காற்று அரிக்கும் குழிகளே வெடிப்பின் வித்தாவதால், அரிமானத்துக்குத் திறந்த உருக்கில் அவ்வெல்லை மறைந்துவிடுகிறது. மன்னாரிலுள்ள தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகளில் இறகுகள் கூட்டுப்பொருளாலானவை. அவற்றைத் தாங்கும் தண்டும் போல்ட்டுகளும் உலோகம். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றாலும், ஓய்வின்றிச் சுழன்றால் ஓராண்டில் ஐம்பது இலட்சம் தாண்டும். ஆகவே அங்கே அரிமானத்தைத் தடுக்கப் பூசப்படும் வர்ணத்தையும் ஆயுட்கணக்கில் சேர்த்தே எண்ண வேண்டும்.