மொரீஷியஸை வேனில் சுற்றிவர: பயனுள்ள குறிப்புகள்

மொரீஷியஸ் போகிறவர்கள் பெரும்பாலும் கடலோர ஹோட்டலில் தங்கி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தீவின் உயிர் உள்பகுதியில் இருக்கிறது. எரிமலைப் பள்ளங்கள், மலைக் காடுகள், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கோயில்கள் என்று எல்லாம் அங்கேதான். அதைப் பார்க்க ஆறேழு பேர் மட்டும் ஏறும் வேனில், உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, ஒரு பகல் சுற்றிவருவதே நல்ல வழி. பெரிய பஸ்ஸில் போனால் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் இறங்கி ஏறவே கால் மணி நேரம் போய்விடும். வேனில் அந்த நேரம் நமக்கு மிச்சம். அதை வீணாக்காமல் இருக்கச் சில குறிப்புகள்:

1. முழுத் தீவையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். தீவு வடக்கு தெற்காக 65 கி.மீ., கிழக்கு மேற்காக 45 கி.மீ. அளவுதான். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் நடுவில் மலை, வளைவுச் சாலை, காலையும் மாலையும் போர்ட் லூயிஸ் நகரைச் சுற்றிப் போக்குவரத்து நெரிசல். பட்டியலில் பத்து இடம் இருந்தால் வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும். வடக்கு ஒரு நாள், தென்மேற்கு ஒரு நாள், கிழக்கே படகில் மான் தீவு எனப்படும் இல் ஓ செர்ஃப் ஒரு நாள் என்று பிரிப்பதே சரி. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் தென்மேற்கைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிறுத்தம் போதும், ஆறு இருந்தால் அதிகம்.

2. முன்பதிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "எங்களுக்கு முன்னால் எத்தனை ஹோட்டலில் ஆள் ஏற்றுவீர்கள்? எங்கெங்கே?" ஹோட்டல்கள் கரையோரம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வடக்கே கிராண்ட் பேயில் ஏறி, மேற்கே ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறுவதற்குள் பகலில் பாதி போய்விடும். ஒரே பக்கத்து ஹோட்டல் ஆட்களை மட்டும் சேர்க்கிற ஏற்பாடு என்றால் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கொடுப்பதிலும் நஷ்டமில்லை.

3. கட்டணம் யூரோவிலா, மொரீஷியஸ் ரூபாயிலா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நம்மூர் ரூபாய் வேறு, அந்த ரூபாய் வேறு. நுழைவுச் சீட்டு, மதியச் சாப்பாடு இரண்டும் கட்டணத்தில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேளுங்கள். சுற்றுலா நடத்துபவர்களுக்கு அங்கே டூரிசம் அத்தாரிட்டி உரிமம் கொடுக்கிறது. "லைசென்ஸ் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

4. தென்மேற்குச் சுற்றில் முதல் நிறுத்தமாகக் கியூர்பிப், ஃப்ளோரியால் பக்கம் கப்பல் பொம்மை செய்யும் பட்டறைக்கும் துணிக்கடைக்கும் அழைத்துப் போவது வழக்கம். மரத்தில் கப்பல் செய்கிற வேலைப்பாடு உண்மையிலேயே அழகானது. கயிற்றையும் பாயையும் கையாலேயே கட்டுவார்கள். பிடித்தவர்கள் பார்க்கலாம். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால், "கடையில் பத்து நிமிடம் போதும், அந்த நேரத்தைக் காட்டில் கொடுங்கள்" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வேனில் ஆறு பேரும் ஒத்துக்கொண்டால் வழிகாட்டி தாராளமாக மாற்றுவார். பெரிய பஸ்ஸில் இது நடக்காது.

5. கடற்கரையில் வெயில் கொளுத்துகிறதே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பக் கூடாது. கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் மலையில் மோதி அங்கேதான் கொட்டும். அதே நேரத்தில் மேற்குக் கரை காய்ந்து கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்களுக்குக் குளிர்காலம். ஒரு ஸ்வெட்டரும் சிறு குடையும் அவசியம். ஊருக்கு மேலே த்ரூ ஓ செர்ஃப் என்ற பழைய எரிமலை வாய் இருக்கிறது. உள்ளே மரங்கள் அடர்ந்து, அடியில் சிறு குட்டை. மூடுபனி இருந்தால் ஒன்றும் தெரியாது. அப்போது அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது நல்லது.

6. ஏழு நிற மண் இருக்கும் சாமரெலுக்குப் போகும் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. வாந்தி வரும் உடம்பு என்றால் காலையில் இட்லி அளவுக்கு லேசாகச் சாப்பிட்டு, டாக்டர் சொன்ன மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முன் சீட் கேட்டு வாங்குங்கள். உப்பில் ஊறிக் காய்ந்த இஞ்சித் துண்டு நாலு பையில் இருக்கட்டும். பாதி வழியில் போனைப் பார்க்க வேண்டாம்.

7. கிராண்ட் பாசின் எனப்படும் கங்கா தலாவ், எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். வாசலில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை. வேன் நிற்கும் இடத்தில் சிலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் ஏரிக்கரை வரை நடந்துபோங்கள். படித்துறையில் பெண்கள் தேங்காய் பழம் வைத்துக் கற்பூரம் காட்டும் இடம்தான் பார்க்க வேண்டியது. வாழைப்பழத்தைக் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். தோளையும் முழங்காலையும் மறைக்கிற உடை, சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு. ஒரு துப்பட்டா இருந்தால் கோயிலுக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்.

8. மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் முன்பதிவு செய்யாதீர்கள். தீவு முழுவதிலிருந்தும் மக்கள் காவடி போன்ற அலங்காரங்களைச் சுமந்துகொண்டு நடந்தே ஏரிக்கு வருவார்கள். சாலையெல்லாம் வெள்ளை உடை. அதையே காண விரும்பினால் தனி நாள் ஒதுக்குங்கள், மற்ற இடங்களை மறந்துவிடுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை படிப்படியாக ஏறும். மூன்றாம் எண் ஏற்றினால் எல்லாம் மூடப்படும். அதனால் புயல் வந்தால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

9. பிளாக் ரிவர் மலைப் பள்ளத்தாக்கு, 1994இல் தேசியப் பூங்காவானது. தீவுக்கே உரிய காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இங்கேதான். காட்சி மேடையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்புவார்கள். நீங்கள் வழிகாட்டியிடம் பறவைகளைப் பற்றிக் கேளுங்கள். மொரீஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்குதான் இருந்தது. கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்த்து, மறுபடி காட்டில் விட்டுத்தான் அந்த இனத்தை மீட்டார்கள். டோடோ பறவையை இழந்த தீவு இது. அந்த வருத்தத்தோடு பேசுகிற வழிகாட்டிகளை அங்கே பார்க்கலாம். பருவத்தில் சாலையோரம் விற்கும் குட்டிச் சிவப்புக் கொய்யாவை உப்பும் மிளகாயும் தூவி வாங்கிச் சாப்பிடுங்கள். வெளியிலிருந்து வந்த அந்தச் செடிதான் காட்டைப் பெருமளவு ஆக்கிரமித்திருக்கிறது என்பதையும் வழிகாட்டியே சொல்வார்.

10. சாமரெலின் ஏழு நிற மண்ணை விளம்பரப் படத்தில் பார்த்த வண்ணத்தோடு எதிர்பார்க்காதீர்கள். இடம் சிறியது, நிறமும் படத்தில் காட்டுவதைவிட மென்மையானது. ஆனால் அதன் முன் பத்து நிமிடம் சும்மா நின்றால் ஒவ்வொரு நிறமாகக் கண்ணுக்குப் பிடிபடும். முதலில் எல்லாம் செங்கல் நிறம்தான். பிறகு அதற்குள் காவி, பழுப்பு, கத்தரிப்பூ, சாம்பல் நீலம் பிரிந்து தெரியும். எரிமலைப் பாறை மக்கி மண்ணாகி, கரைவதெல்லாம் மழையில் கரைந்துபோக, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிஞ்சியதால் வந்த நிறங்கள் இவை. ஒரு புல் கூட அதில் முளைப்பதில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது நிறம் எடுப்பாக இருக்கும், மழை பெய்து ஓய்ந்தால் இன்னும் ஆழமாகும். ஆகவே மற்ற வண்டிகள் வருவதற்கு முன் சாமரெலை முதலில் முடித்துவிட்டுப் பிறகு ஏரிக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். வேலியைத் தாண்டி மண்ணை மிதிக்கக் கூடாது. பக்கத்திலேயே அருவி, 80 மீட்டருக்கும் மேல் ஒரே பாய்ச்சல். மண்ணுக்கும் அருவிக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றே.

11. ல மோர்ன் மலைக்கு வேனிலிருந்தபடியே கையாட்டிவிட்டு வர வேண்டாம். கடலோரம் 556 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று விடுதலை அறிவிப்பு வந்தது. அதைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, பலர் மேலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது தலைமுறையாக அங்கே சொல்லிவரும் கதை. 2008இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மலையடியில் அடிமைகளின் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றிலும் குளிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள், ஆனாலும் அந்த இடத்தில் மனம் கனத்துப்போகும். மலையேற்றம் தனியாக அரை நாள் வேலை, இந்தச் சுற்றில் சேராது. "கடலுக்கடியில் அருவி" என்று பட்டியலில் போட்டிருந்தால், அந்த மணல் சரியும் தோற்றம் வானத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும், சாலையிலிருந்து தெரியாது.

12. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அரண் போல இருப்பதால் உள்கடல் அமைதியாக இருக்கும். தெற்கே க்ரி க்ரியில் அந்த அரண் இல்லை. அலை நேராகப் பாறையில் வந்து மோதும். அங்கே காலை நனைக்கவும் இறங்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். மற்ற இடங்களில் குளிக்கும்போது ரப்பர் அடி வைத்த நீர்ச்செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கடல் முள்ளெலியும், கல் போலவே கிடக்கும் விஷமுள்ள கல்மீனும் அங்கே உண்டு. கல்மீன் முள் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு 114, போலீசுக்கு 999.

13. மதியச் சாப்பாட்டுக்குச் சுற்றுலாக்காரர்களுக்கான பஃபே வேண்டாம் என்று சொல்லி, "தால் பூரி எங்கே நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடியாக அரைத்து மாவுக்குள் வைத்து இட்டது. துணி போல மெத்தென்று இருக்கும். கடைக்காரர் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கையில் விரித்து, பெரிய மொச்சைக் கறி ஒரு கரண்டி, தக்காளிக் குழம்பு ஒரு கரண்டி, பச்சை மிளகாய்ச் சட்னி ஒரு தீற்றல் வைத்து, கண்மூடித் திறப்பதற்குள் சுருட்டிக் காகிதத்தில் மடித்துத் தருவார். நின்றபடியே சாப்பிட வேண்டும், குழம்பு முழங்கை வரை வழியும், கைக்குட்டை தயாராக இருக்கட்டும். சைவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. மிளகாய் அங்கே காரம் அதிகம், குழந்தைகளுக்கு அது வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். "காத்தோ பிமான்" என்று விற்பது நம் பருப்பு வடையின் தம்பி. கடற்கரையில் அன்னாசியைச் சுழல்சுழலாகச் சீவி, காம்பைப் பிடித்துச் சாப்பிடும்படி தருவார்கள். புளியும் மிளகாய் உப்பும் தடவச் சொல்லுங்கள்.

14. சின்ன வேனில் பெரும்பாலும் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒரே ஆள். வளைவில் வண்டி ஓட்டும்போது கேள்வி கேட்காமல், நிற்கும் இடத்தில் கேளுங்கள். அவர் பெயர் தமிழ்ப் பெயராக இருக்கலாம், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பதால் சட்டென்று தெரியாது. ஆனாலும் வீட்டில் பேசுவது கிரியோல் மொழியாகவே இருக்கும். "தமிழ் தெரியாதா?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் நாடு, ரூபாய் நோட்டில் தமிழ் அச்சிடும் நாடு. காவடி எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள், முகம் மலர்ந்து பேசுவார்.

15. உங்கள் சுற்றில் போர்ட் லூயிஸ் இருந்தால் பெரும்பாலும் கோடான் என்ற கடைவீதியில் ஒரு மணி நேரம் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. அனுமதி இலவசம். 1834க்கும் 1920க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் ஐந்து லட்சம் பேர் இந்தத் துறையில்தான் கரையேறினார்கள். சென்னை மாகாணத்து மக்களும் அவர்களில் உண்டு. கப்பலிலிருந்து இறங்கி அவர்கள் ஏறிய கருங்கல் படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு மணி நேரமும் கடைக்குக் கொடுத்துவிடாமல் இங்கே அரை மணியாவது நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போர்ட் லூயிஸ் அடங்கிய வடக்குச் சுற்றைத் தவிர்ப்பது நல்லது, நகரமே ஓய்ந்திருக்கும்.

16. பையில்: தண்ணீர் பாட்டில், தொப்பி, சன்ஸ்கிரீன், சீக்கிரம் உலரும் பருத்தித் துண்டு, ஈரத் துணிக்கு ஜிப் கவர், ஒரு துணிப்பை. கடைகளில் பிளாஸ்டிக் பை தரமாட்டார்கள். மேகம் மூடியிருந்தாலும் வெயில் தோலைச் சுடும், சன்ஸ்கிரீனை மதியமும் ஒருமுறை தடவுங்கள். சில்லறை நோட்டுகள் தனியே வைத்திருங்கள், கொய்யாவுக்கும் கழிப்பறைக்கும் உதவும்.

17. முட்டி வலி உள்ள பெரியவர்கள் வருவதானால் படிகள் எங்கே இருக்கின்றன என்று முந்தைய நாளே கேளுங்கள். ஏரிக்கரையிலும் அருவி மேடையிலும் படிகள் உண்டு. வேனில் முதல் வரிசையை அவர்களுக்கு விடுங்கள்.

18. இந்தச் சுற்றைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். வந்த இரண்டாம் நாளே போய்விடுங்கள். பிடித்த இடத்துக்கு மறுபடி போக நாள் மிச்சம் இருக்கும். எந்தக் கடற்கரையில் மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் கூடும், எந்தச் சந்தை எந்த நாளில், உங்கள் ஹோட்டல் வாசலில் எந்த எண் பஸ் நிற்கும் என்று இறங்கும் முன் வழிகாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டால் மீதி நாட்களுக்கு டாக்சியே தேவைப்படாது.