சொல்லும் அதன் துணையும்: ஆங்கிலம் பயில்வோர்க்கு ஒரு பாடம்

பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை வேளையில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும் மாணவர் கூட்டத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எனப் பல மொழிகள் ஒலிக்கும். நிலையத்தை அடுத்துள்ள எஸ்.ஆர்.எம். கல்வி வளாகம் 1985ஆம் ஆண்டில் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அதன்பின் தாம்பரத்திற்குத் தெற்கே பெருஞ்சாலையை ஒட்டிக் கல்லூரிகள் பல தோன்றின. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் சமூகத்துப் பிள்ளைகளும் இங்கு வந்து தங்கிப் பயில்கின்றனர். பாடநூலில் உள்ள ஆங்கிலம் அவர்களுக்குப் பெருந்தடை ஆவதில்லை. வாய்திறந்து பேச வேண்டிய ஆங்கிலமே தடையாகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் பழக என்னிடம் வரும் மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர். ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், கல்லூரி நாளில் அவர் செய்த தவறு ஒன்றைக் கூறுமாறு கேட்டனர். 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று தொடங்கினார். கேட்டவர் முகத்தில் ஒரு சிறு முறுவல் தோன்றியது. அம்முறுவல் எதற்காகவோ, யாரறிவார்! தம் சொல்லில்தான் ஏதோ பிழை என்று எண்ணிய மாணவர் அங்கேயே நின்றுவிட்டார். சொல்ல வேண்டிய செய்தி முழுவதும் அவர் நெஞ்சில் இருந்தது, நா எழவில்லை. அடுத்த ஞாயிறன்று அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “ஐயா, தவறு செய்தேன் என்பதில் உள்ள செய் என்பதற்கு டூ தானே ஆங்கிலம்?”

ஆம், அதுவும் ஆங்கிலம்தான். ஆனால் ‘மிஸ்டேக்’ என்னும் பெயர் ‘டூ’ என்னும் வினையோடு சேர்வதில்லை. ‘மேக்’ என்னும் வினையோடுதான் சேரும். ‘ஐ மேட் எ மிஸ்டேக்’ என்பதே வழக்கு. வீட்டுப்பாடம் செய்வதோ ‘டூ’ ஆகும். தமிழில் ‘செய்’ என்னும் ஒரே வினை இரண்டையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அச்சுமை இருவருக்குப் பங்கிடப்பட்டுள்ளது.

ஏன் அப்படி என்று கேட்டால், அது வழக்கு என்பதன்றி வேறு விடை பெரும்பாலும் இல்லை. இதைக் கேட்டு நம் பிள்ளைகள் சலித்துக்கொள்கின்றனர். இத்தகைய வழக்கை ‘மரபு’ எனப் பெயரிட்டு இலக்கணத்துள் வைத்தவர் நம்மவரே என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சமண முனிவர். அந்நூலுக்குக் கிடைக்கும் உரைகளுள் பழமையானதை எழுதிய மயிலைநாதரும் சமணரே. அறிந்தோர் ஒரு பொருளை எச்சொல்லால் எவ்வாறு வழங்கி வந்தனரோ அவ்வாறே வழங்குவது மரபு என்பது நன்னூலின் கருத்து. எந்தப் பெயர்க்கு எந்த வினை பொருந்தும் என்பதையும் தொல்காப்பியமும் நன்னூலும் ஆராய்கின்றன. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், பாலைப் பருகுகிறோம். நக்குவது என்றால் தேன் நினைவுக்கு வரும். தேன் நமக்கு விலக்கப்பட்ட பொருள். சொல்லுக்கு அவ்விலக்கு இல்லை! உணவு என்று பொதுவாகச் சொன்னால், இவை அனைத்திற்கும் பொதுவான வினையையே அதனோடு சேர்க்க வேண்டும் என்பது அவ்விலக்கண நூல்களின் விதி.

ஆங்கிலத்தில் இதனைக் ‘கொலகேஷன்’ என்பர். சொற்சேர்க்கை என்று நாம் கொள்ளலாம். இதனை முதன்முதலில் வகைப்படுத்திப் பட்டியலிட்டவர்களுள் ஹெரால்டு பால்மர் முக்கியமானவர். டோக்கியோவில் ஜப்பானிய மாணவர்க்கு ஆங்கிலம் கற்பித்த அவர், தம் பட்டியலை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, அயல்மொழி மாணவர்க்கென்றே 1942இல் ஓர் அகராதியை ஜப்பானில் வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் கையாளும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுவே. ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் துணைச் சொற்களில் உள்ளது என 1950களில் வற்புறுத்திய ஜே.ஆர். ஃபர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்தவர். மூவரும் வேற்றுமொழியாரிடையே வாழ்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க. தாய்மொழியில் இச்சேர்க்கை நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

பொத்தேரி விடுதி அறை ஒன்றில் இது தெளிவாகத் தெரியும். வடநாட்டு மாணவர் ஒருவர் தமிழ் பழகத் தொடங்கி, ‘நேற்றுப் பரீட்சை கொடுத்தேன்’ என்பார். நாம் சிரிப்போம். அவர் மொழியில் பரீட்சை கொடுக்கப்படுகிறது. நம் மொழியில் அது எழுதப்படுகிறது. இங்கிலாந்தில் அது ‘டேக்’, அதாவது எடுக்கப்படுகிறது. ‘சிட்’ என்றும் சொல்வர். ‘ரைட் ஆன் எக்ஸாம்’ என்பது நம் நாட்டில் பரவலாக வழங்குவதால், நம்மவரிடையே அதைப் பிழை என்று தள்ள வேண்டியதில்லை. அந்த வடநாட்டு மாணவரின் தமிழைக் கேட்டு நாம் சிரித்தது இகழ்ச்சியால் அன்று. நேர்முகத் தேர்வில் எழுந்த முறுவலும் அத்தகையதாகவே இருந்திருக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேலைக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. சூரியன் மறைந்தபின் ஏன் உண்பதில்லை, கிழங்கை ஏன் ஒதுக்குகிறாய் என்று அறைத்தோழர் கேட்கும்போது விடைகூறவும் தேவைப்படுகிறது. அங்கே தடுமாறினால், விளக்கத்திற்கு அஞ்சி வழக்கத்தையே கைவிடுவோரும் உண்டு. ஆகவே நம் நெறி சார்ந்த சொற்சேர்க்கைகளை முதலில் கற்பது நன்று. விரதம் ஏற்பது ‘டேக் எ வவ்’. அதனைக் காப்பது ‘கீப் எ வவ்’. மீறுவது ‘பிரேக் எ வவ்’. நோன்பு நோற்பது ‘கீப் எ ஃபாஸ்ட்’ அல்லது ‘அப்சர்வ் எ ஃபாஸ்ட்’. பாரணை செய்து நோன்பை முடிப்பதோ ‘பிரேக் எ ஃபாஸ்ட்’. விரதத்தோடு சேர்ந்தால் ‘பிரேக்’ குற்றமாகிறது; நோன்போடு சேர்ந்தால், உரிய காலத்தில் நடக்கும் இயல்பான முடிவையும் அது குறிக்கிறது. வினை ஒன்றே, துணை மாறப் பொருள் மாறுகிறது. காலைச் சிற்றுண்டிக்கு ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்று பெயர் வந்ததும் இவ்வழியேதான். இரவுணவு நீத்தவர்க்கே அச்சொல் முழுப்பொருளோடு பொருந்துகிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

பொய் சொல்வது ‘டெல் எ லை’. ‘சே எ லை’ என்பது வழக்கன்று. உண்மை பேசுவது ‘டெல் த ட்ரூத்’, ‘ஸ்பீக் த ட்ரூத்’ என இருவகையிலும் வரும். தீங்கு செய்வது ‘டூ ஹார்ம்’. பாவம் செய்வது ‘கமிட் எ சின்’. இந்தக் ‘கமிட்’ குற்றம், கொலை முதலிய தீயவற்றோடு இவ்வாறு சேரும். நன்மையைச் செய்வதற்கு அது வாராது. நம் தத்துவத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் நடையைப் பழக விரும்புவோர், மாநிலக் கல்லூரித் தத்துவப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் நூல்களை நாடலாம். குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயசாரத்தை 1920இலும் சமயசாரத்தை 1950இலும் அவர் ஆங்கிலத்தில் தந்தார்.

அன்றாட வழக்கில் நம்மை ஏமாற்றுபவை சிலவே. விளக்கைப் போடுவது ‘புட்’ அன்று, ‘டர்ன் ஆன்’. கூட்டம் போடுவது ‘ஹோல்டு எ மீட்டிங்’. ‘ஆஸ்க் எ டவுட்’ என்பதைவிட ‘ஆஸ்க் எ கொஸ்சன்’ என்பதே நன்று. உணவு உண்பதற்கு ‘டேக்’ என்னாமல் ‘ஹேவ்’ என்பதே இயல்பாக ஒலிக்கும்: ‘ஐ ஹேவ் டின்னர் பிஃபோர் சன்செட்’. கவனம் செலுத்துவது ‘பே அட்டென்ஷன்’. நட்புக் கொள்வது ‘மேக் ஃபிரெண்ட்ஸ்’. ரயிலைப் பிடிப்பது மட்டும் இரு மொழியிலும் ஒன்றே, ‘கேட்ச்’, தவறவிடுவது ‘மிஸ்’. ‘டூ’ வேலையையும் கடமையையும் குறிக்கும், ‘மேக்’ புதிதாய் ஒன்று உண்டாவதைக் குறிக்கும் என்று ஒரு விதி சொல்வர். பாதி இடங்களில் உதவும். படுக்கையை ஒழுங்குசெய்வதை ‘மேக் த பெட்’ என்னுமிடத்தில் கைவிட்டுவிடும்.

ஆகவே விதியை நம்பாமல் ஒரு குறிப்பேட்டை நம்புங்கள். புதிய பெயர்ச்சொல்லைத் தனியே எழுதாதீர். அதன் வினையோடு சேர்த்து, நம் வாழ்க்கையிலிருந்தே ஒரு முழுத்தொடராக எழுதி, வாய்விட்டு மும்முறை சொல்க. சேர்ந்தே மனத்தில் பதிந்தவை சேர்ந்தே நாவில் வரும். பேச்சின் நடுவே வினையைத் தேடி நிற்க நேராது. மேற்சொன்ன மாணவர் இழந்தது ஒரு வினைச்சொல்லை அன்று, அதைத் தேடி நின்ற அந்த அரை நிமிடத்தையே. ஐயம் எழுந்தால் 2002இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியில் பெயர்ச்சொல்லைத் தேடுக. அதற்குரிய வினைகள் அங்கு வரிசையாய் நிற்கும்.

பெற்றோர் இவ்வாரம் தம் பிள்ளைகளைப் பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் கூறச் செய்க. வினைகள் யாவும் இப்பாடத்திலேயே உள்ளன. பாட்டி சதுர்த்தசியன்று நோன்பு நோற்றார். மறுநாள் காலை பாரணை செய்தார். நான் ஆறு மணி ரயிலைத் தவறவிட்டேன். தேர்வில் ஒரு தவறு செய்தேன். ஆனால் ஆசிரியரிடம் பொய் சொல்லவில்லை. விடுதியில் சூரியன் மறையுமுன் உணவு உண்கிறேன்.